கேட்டு வாங்கக் கூடாத ரோஜா

என் அண்ணி தெமெனுகாவைக் கண்டால் லாரிக்காரர்கள்கூட வாலைச் சுருட்டிக்கொள்வார்கள். மலையடிவாரத்து ரயில் பாதையில் கேட் கீப்பராக இருந்தே கிழவியானவள். கேட் மூடியிருக்கும்போது எவனாவது ஹார்ன் அடித்தால் வண்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டு, "என்னடா அவசரம்? ரயிலை ஓரங்கட்டச் சொல்லட்டுமா துரைக்கு?" என்பாள். என் அண்ணன் ராஷ்கோ இவளிடம் எப்படி மாட்டினான் என்று ஊரே கேட்கும். மாட்டவெல்லாம் இல்லை, தானாகப் போய் விழுந்தான். கோழியிடம்கூட மரியாதையாகப் பேசுகிற ஆள் அவன்.

கேட் வீட்டுச் சுவரில் ஒரு மஞ்சள் ரோஜாக் கொடி இருந்தது. வேலைக்குச் சேர்ந்த வருஷம் அண்ணி நட்டது. எங்கள் பள்ளத்தாக்கில் மற்ற ரோஜாவெல்லாம் ஜூன் மாதத்தோடு கடையைக் கட்டிவிடும். இது மட்டும் முதல் பனி விழும்வரை பூக்கும். வாசனை எலுமிச்சைத் தோலை நகத்தால் கீறின மாதிரி இருக்கும். எஞ்சின் டிரைவர்கள் அந்த இடம் வந்ததும் மூக்கை வெளியே நீட்டிக்கொண்டு போவார்கள்.

பூ அப்படியிருந்தால் திருடன் வராமல் இருப்பானா? எங்கள் பக்கத்தில் செடியைக் கேட்டு வாங்கினால் வேர் பிடிக்காது. யாராவது தானாகக் கொடுத்தாலும் நன்றி சொல்லக் கூடாது. வாய் தவறிச் சொல்லிவிட்டால் குச்சி காய்ந்து போகும். திருடி நட்டால்தான் தளதளவென்று வரும். அதனால் போகிறவன் வருகிறவன் எல்லாம் அண்ணியின் வேலிக்குள் கைவிட்டான். அவளும் வாய் வலிக்கத் திட்டுவாள். திட்டு வாங்காவிட்டால் அது என்ன திருட்டு? ஒருத்தனிடம் மட்டும்தான் நிஜமாகக் கோபப்பட்டாள். மோட்டார் சைக்கிளில் வந்த ஒரு வாலிபன், குச்சி பற்றாது என்று பெரிய கிளையையே முறித்துக்கொண்டு ஓடினான். ரயிலுக்குக் காட்டும் சிவப்புக் கொடியைக் கம்போடு வீசினாள் அண்ணி. அவன் முதுகில் விழுந்த சத்தம் அடுப்படியில் இருந்த எனக்கே கேட்டது.

பிறகு பாதையை அகலப்படுத்தினார்கள், கேட் வீட்டை இடித்தார்கள். அண்ணி அப்போது முழங்கால் ஆபரேஷன் செய்துகொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். சேதி தெரிந்து அண்ணன் மண்வெட்டியோடு ஓடியபோது ரோஜா இருந்த இடத்தில் சரளைக்கல் கொட்டியிருந்தது. வீடு திரும்பிய அண்ணி அழவில்லை. ஊன்றுகோலோடு வீடு வீடாகப் போனாள், தன்னிடம் திருடினவர்களைத் தேடி. எல்லார் வீட்டிலும் அந்த வருஷக் கடுங்குளிரில் செடி கருகியிருந்தது. "திருடத் தெரியுது, காப்பாத்தத் தெரியலையா, உருப்படாதவங்களா!" என்று தெருவில் நின்று கத்திவிட்டு வந்து, சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள்.

ரிட்டயரான ஒரு எஞ்சின் டிரைவர்தான் துப்புக் கொண்டுவந்தார். டான்யூப் கரையில் ஒரு நகரத்து ரோஜாத் தோட்டத்தில் அதே மஞ்சள், அதே எலுமிச்சை வாசனை. அண்ணன் அன்றைக்கே ரயிலேறினான். அங்கிருந்த பெண்ணிடம் கேட்டு, குச்சிகளை ஈரத்துணியில் சுற்றி வாங்கி வந்தான்.

அண்ணி முதலில் கேட்டது ஒன்றே ஒன்று. "நன்றி சொன்னியா?"

அண்ணன் தரையைப் பார்த்தான். "ரெண்டு மூணு தடவை சொல்லிட்டேன். அந்தப் பொண்ணு ரொம்ப நல்ல பொண்ணு, தெமெனுகா."

வசந்தத்துக்குள் அத்தனை குச்சியும் விறகாகிவிட்டது. அதைவிட மோசம் அந்தப் பெண் சொல்லியனுப்பியிருந்த சேதி: தாய்ச் செடிக்கு வேர் அழுகுகிறது, இன்னும் ஒரு குளிர் தாங்கினால் அதிகம். ஆக, இந்த அக்டோபரை விட்டால் அந்த ரோஜா உலகத்திலேயே கிடையாது.

ஓய்வூதியக்காரர் சங்கத்துப் பஸ் வெந்நீர் ஊற்றுக்குக் கிளம்பியபோது, வழியில் அந்தத் தோட்டத்தில் நிறுத்தியே ஆக வேண்டும் என்று அண்ணி டிரைவரை மிரட்டி வைத்திருந்தாள். அவள் கம்பளிக் காலுறைக்குள் கவாத்துக் கத்தரி. என் கூடையில் பாலாடைக்கட்டி அடைத்துச் சுட்ட பனிட்சா ஒரு தட்டு நிறைய. அண்ணனுக்கு ஒரே ஒரு உத்தரவு: "வாயைத் திறந்தே, கொன்னுடுவேன்."

செஸ்ட்நட் இலைகள் நடைபாதை முழுக்கக் கிடந்தன. சிவப்பும் வெள்ளையுமாக அந்த வருஷத்தின் கடைசிப் பூக்கள். அண்ணி எதையும் திரும்பிப் பார்க்கவில்லை. நொண்டிக்கொண்டே நேராகக் கோடிச் சுவருக்குப் போனாள். இருந்தது! பாதி மொட்டையாக, அடியெல்லாம் கறுத்து, உச்சியில் மட்டும் நாலைந்து மஞ்சள் பூக்களோடு. பக்கத்தில் ஒரு பலகை: பெயர் தெரியவில்லை, ரயில் பாதை ஓரம் கிடைத்தது.

"கிடைச்சுதா?" அண்ணிக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. "ரோட்டுல கிடைக்க இது என்ன செருப்பா?"

குனிந்து கத்தரியை எடுத்தாள். முதல் குச்சியில் வைக்கும்போதே பின்னால் விசில் ஊதியது. தோட்டத் தலைவர். கலோயன் என்று சட்டையில் எழுதியிருந்தது. நரைத்த மீசைக்காரர்.

"எதுக்கும்மா இந்த வேலை? கேட்டா நானே தர மாட்டேனா?" என்றவர், இரண்டு நல்ல குச்சியாகப் பார்த்து வெட்டி நீட்டியும் விட்டார்.

அண்ணன் வாய் தானாகத் திறந்தது. ஐயோ, போச்சு! கையிலிருந்த பனிட்சாவை அப்படியே அந்த வாய்க்குள் திணித்தேன். அவன் திக்குமுக்காடி இருமினான். இருமட்டும், அது நன்றி ஆகாது.

"எனக்கு வேண்டாம்," என்றாள் அண்ணி. "கொடுத்தா பிடிக்காது. ஏற்கெனவே ஒரு தடவை செத்துப்போச்சு."

"நான் வச்ச குச்சிகூட எதுவும் பிடிக்கலம்மா. சொந்தச் செடியை நானே எப்படித் திருடறது? இதுவும் திருடினதுதான். சின்ன வயசுல, ஒரு கேட் வீட்டு வேலியில. அந்தப் பொம்பளை கொடிக்கம்பால விட்டா பாருங்க ஒண்ணு! குளிர் வந்தா இன்னும் வலிக்குது."

"முதுகுலதானே?"

கலோயன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். மீசை துடித்தது. கையிலிருந்த இரண்டு குச்சியையும் எருக்குழியில் வீசினார். பிறகு நிமிர்ந்து நின்று, தோட்டத்தின் அந்தக் கோடியைப் பார்த்து, "யாரது அங்கே? புல்லுல ஏறாதே!" என்று கத்தினார். அங்கே ஒரு ஈ, காக்கை இல்லை. விசிலை ஊதிக்கொண்டே, முதுகைக் காட்டியபடி, ஊர்வலம் போகிற மாதிரி மெல்ல நடந்தார்.

அண்ணி மூன்று குச்சி வெட்டினாள். எங்கள் பக்கத்தில் இரட்டைப்படையில் பூ சாவு வீட்டுக்குத்தான் போகும், எங்களுக்கு உயிர் வேண்டும். "ஓடு ராய்னா!" என்று என்னை இடித்தாள். ஆபரேஷன் செய்த முழங்காலோடு அவள் ஓடியதைப் பார்க்க வேண்டுமே! பின்னாலேயே கலோயன், கையில் துடைப்பத்தோடு. "திருடி! பிடிங்க! திருடி!"

பஸ் கிளம்பும்போது துடைப்பம் பின்கண்ணாடியில் வந்து மோதியது. ஓய்வூதியக்காரர்கள் அத்தனை பேரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். அண்ணி குச்சிகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள். நானும்தான். பனிட்சா முடிந்த பிறகும் அண்ணன் வாயைத் திறக்கவில்லை.

மூன்றும் பிடித்தன! மறு வருஷம் அக்டோபரில் அண்ணி வீட்டுச் சுவரில் பூ. தோட்டத்துத் தாய்ச் செடி அந்தக் குளிரிலேயே போய்விட்டது என்று கேள்விப்பட்டோம். ஒரு மத்தியானம் குளிர்காலத்துக்காகக் குடமிளகாய் சுட்டுக்கொண்டிருந்தோம். வேலியில் சரசரவென்று சத்தம். நரைத்த மீசை ஒன்று மஞ்சள் கொடிக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தது.

"கலோயன் வந்திருக்காரு, உள்ள கூப்பிடு," என்று எழுந்த அண்ணனைப் பிடித்து உட்காரவைத்தாள் அண்ணி. மூலையில் இருந்த பழைய கொடிக்கம்பை எடுத்தாள். அந்த ஆள் வெட்டி முடிக்கும்வரை பொறுமையாகக் காத்திருந்தாள். பிறகு, "டேய் திருட்டுப் பயலே!" என்று தெருவே அதிரக் கத்திக்கொண்டு வீசினாள்.

முதுகில்தான் பட்டது.