மெஸ் படிக்கட்டு யோசனைகள்

பம்பாய் மாட்டுங்காவில் நான் சாப்பிட்டுவந்த மெஸ் ஒரு பழைய கட்டடத்தின் முதல் மாடியில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூட்டம் தாங்காது. ஒரு பந்திக்கு இருபது பேர்தான் உட்கார முடியும். மற்றவர்கள் நம்பர் போட்ட தகர டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு மரப்படிக்கட்டில் வரிசையாக உட்கார்ந்திருப்போம். ஒரு பந்தி எழுந்திருக்க முக்கால் மணி நேரம் ஆகும். எங்களுக்கு வேறு வேலை கிடையாது என்பதால் அந்த முக்கால் மணி நேரத்தில் ஒருவருடைய பிரச்சினையை மற்றவர்கள் தீர்த்துவைத்தோம்.

அங்கே உட்கார்ந்திருந்த எல்லாரும் பசியோடு இருந்தவர்கள். பசித்த மனுஷன் சொல்கிற யோசனைக்கு ஒரு தனிக் கடுமை உண்டு. விடாதே, கேஸ் போடு, ராஜினாமாக் கடிதத்தைத் தூக்கி மேஜைமேல் எறி என்றுதான் வரும். அதே மனுஷனை, அவர் சாப்பிட்டு முடித்து வெற்றிலை போட்டுக்கொண்டு இறங்கி வரும்போது கேட்டால், "எல்லாம் சரியாப் போயிடும் ஓய், கவலைப்படாதேயும்" என்பார். இரண்டாவதுதான் உருப்படியான யோசனை என்பது எனக்குப் பிற்பாடுதான் உறைத்தது. அந்த வயதில் அதை யார் யோசனையாக மதித்தார்கள்?

பக்கத்து வீட்டு ரேடியோ சத்தத்தில் தூக்கம் போகிறது என்று ஒருவர் வந்தார். அதைவிடப் பெரிய ரேடியோ ஒன்று வாங்கி வைக்கும்படி படிக்கட்டு சொன்னது. வாங்கி வைத்தார். வீட்டுக்கார சேட் இரண்டு வீட்டையும் ஒரே மாதத்தில் காலி பண்ணச் சொன்னான். இன்னொருவர் சம்பள உயர்வு கேட்கப் பயந்துகொண்டிருந்தார். ராஜினாமா கொடுப்பதுபோல் ஒரு பாவ்லா காட்டினால் போதும், மேனேஜர் காலில் விழுவான் என்று தைரியம் சொன்னோம். மேனேஜர் விழவில்லை. வாழ்த்துச் சொல்லிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவைத்தார். அந்த ஆள் அடுத்த ஞாயிறும் வந்து எங்கள் நடுவிலேயே உட்கார்ந்து, வேறொருவருக்கு யோசனை சொன்னார்.

எங்களுக்குத் தலைவர்போல இருந்தவர் ஒரு ரயில்வே ஆபீஸ் ஹெட் கிளார்க். பாலக்காட்டுப் பக்கத்துக்காரர். ஐம்பது வயதிருக்கும். எப்போதும் மேலிருந்து மூன்றாவது படியில்தான் உட்காருவார். அவருடைய மனைவி ஊரில் இருந்தாள். பதினோரு வருஷமாக இவர் அவளுக்குக் கடிதம் எழுதியதில்லை, அவளும் இவருக்கு எழுதியதில்லை. அதை அவர் ஒரு வெற்றியாகவே நினைத்துக்கொண்டிருந்தார். குடும்ப விஷயங்களில் யோசனை கேட்க நான் தேர்ந்தெடுத்த ஆள் இவர்தான்.

என் பிரச்சினை பெரிதே அல்ல. என் மனைவி முதல் பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போயிருந்தாள். பாளையங்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிறிஸ்தவ கிராமம். செம்பூர் திலக் நகரில் இருந்த அறையைக் காலி செய்துவிட்டு நான் மாட்டுங்காவில் மூன்று பேரோடு ஒரு லாட்ஜில் தங்கிக்கொண்டேன். பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்கு ஒரு மாதம் ஆனபோது அவளிடமிருந்து இன்லாண்டு லெட்டர் வந்தது. ஞானஸ்நானத்துக்கு நாள் குறிக்கப் போகிறார்கள், பெயர் முடிவாக வேண்டும், மூன்று பெயர் எழுதியிருக்கிறேன், உங்களுக்குப் பிடித்ததைச் சொல்லுங்கள், அதையே வைக்கலாம் என்று எழுதியிருந்தாள்.

இரண்டாவது பெயரைப் படித்த உடனேயே எனக்குப் பிடித்துவிட்டது. ஒரு கார்டு வாங்கி அந்த ஒரு வார்த்தையை எழுதித் தபாலில் போட்டிருந்தால் இந்தக் கதையே கிடையாது. ஆனால் அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மெஸ்ஸுக்குப் போனேன்.

ஹெட் கிளார்க் கடிதத்தை வாங்கி இரண்டு தடவை படித்தார்.

"ஓய், இது சாதாரண லெட்டர் இல்லை. நீர் பேரைச் சொல்லிட்டா என்ன அர்த்தம்? விசேஷம் அங்கேயே நடக்கட்டும்னு நீர் சம்மதிச்சுட்டதா அர்த்தம். அப்புறம் குழந்தை அவாளோடது. பொண்டாட்டியும் அவாளோடது. நீர் இங்கே ஆயுசுக்கும் டோக்கன் வாங்கிண்டு உட்கார வேண்டியதுதான்."

"அப்போ என்ன எழுத?"

"எழுதவேப்படாது. பதில் வரலேன்னா பயம் வரும். பயம் வந்தா குழந்தையைத் தூக்கிண்டு தானே வருவா."

படிக்கட்டு முழுவதும் ஆமோதித்தது. உள்ளேயிருந்து முருங்கைக்காய் சாம்பார் வாசனை வந்துகொண்டிருந்தது. எனக்கும் அது நியாயமாகப்பட்டது என்பதைச் சொல்லிவிட வேண்டும். இருபத்தாறு வயதில் ஒருவன் மனைவியை எப்படி நடத்துவது என்று தெரியாமல் இருக்கலாம். அதை மனைவி இல்லாமல் வாழ்கிறவர்களிடம் போய்க் கேட்டேனே, அதுதான் என் முட்டாள்தனம்.

அடுத்த மாதம் இரண்டாவது கடிதம் வந்தது. நாளைத் தள்ளிவைத்திருக்கிறோம், பெயரைச் சீக்கிரம் எழுதுங்கள் என்று பாதிப் பக்கம். அதற்கடுத்த மாதம் ஒரு கார்டு. "சுகமா? பெயர்?" என்று இரண்டே வார்த்தைகள். கார்டைப் பார்த்ததும் ஹெட் கிளார்க்கின் முகம் மலர்ந்தது.

"பார்த்தீரா? இன்லாண்டு போய் கார்டுக்கு வந்தாச்சு. இறங்கி வரா. கெட்டியா இரும்."

கெட்டியாக இருந்தேன். அதன் பிறகு எதுவும் வரவில்லை. தபால்காரன் லாட்ஜ் வாசலைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அவன் பையை எட்டிப் பார்ப்பேன். குழந்தை எப்படி இருக்கும் என்றுகூடத் தெரியாமல், அதற்கு அந்த இரண்டாவது பெயரை மனதுக்குள் நானே வைத்து, ஆபீஸில் டைப் அடிக்கும்போதும் பஸ் கியூவில் நிற்கும்போதும் கூப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தாராவியில் எங்கள் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் தோல் கிடங்கில் மேஸ்திரியாக இருந்தார். வேதக்கோயிலில் ஆராதனை முடிந்து வெளியே வரும்போது அவரிடமும் விஷயத்தைச் சொன்னேன்.

"இதுல என்னவே யோசிக்க இருக்கு? பேர எழுதிப் போட்டுட்டுப் போயி சோத்தத் தின்னும்" என்றார்.

இவ்வளவு சின்னதாக ஒரு யோசனை இருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. படிக்காத மனுஷர், பாவம் என்று நினைத்துக்கொண்டு மறுபடியும் மெஸ்ஸுக்கே போனேன்.

ஹெட் கிளார்க் இந்தத் தடவை கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார். கடைசியில் எனக்கு மஞ்சள் காமாலை வர வேண்டும் என்று முடிவாயிற்று. நான் எழுதக் கூடாது. ரூமில் கூட இருப்பவர் என் மாமனாருக்கு எழுத வேண்டும். கண்ணெல்லாம் மஞ்சள், பார்த்துக்கொள்ள ஆளில்லை, வாய் ஓயாமல் குழந்தையையே கேட்கிறார். கடிதத்தை ஹெட் கிளார்க்கே வாசகம் வாசகமாகச் சொன்னார். "மூணாம் நாள் தாதர் ஸ்டேஷன்ல உம்ம ஆத்துக்காரி குழந்தையோட நிப்பா, பாரும்" என்றார்.

அவர் பாலக்காட்டுக்காரர், அவருக்குத் தெரியாமல் போனதில் தப்பில்லை. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் காமாலை வந்த வீட்டுக்குப் பச்சைப்பிள்ளைக்காரியை யாரும் அனுப்ப மாட்டார்கள். கீழாநெல்லியைத்தான் அனுப்புவார்கள்.

என் மாமனார் அதைத் தானே கொண்டுவந்தார். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், மதராஸைத் தாண்டி வடக்கே வந்ததே இல்லை. வேரோடு பிடுங்கிய கீழாநெல்லியை ஈரத்துணியில் சுற்றி, வழியில் ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் இறங்கிக் குழாயில் நனைத்து நனைத்து, வாடாமல் பம்பாய்க்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் விலாசத்தைக் காட்டி லாட்ஜைக் கண்டுபிடித்தார். வாசலில் இருந்த வாட்ச்மேன், "ஸாப் கானா கானே கயா" என்று மெஸ்ஸுக்குக் கைகாட்டிவிட்டான். சாகக் கிடப்பவன் சாப்பிடப் போயிருக்கிறானா என்று அவர் யோசித்திருக்க வேண்டும்.

அன்றைக்கு எனக்கு முதல் பந்தியிலேயே இடம் கிடைத்துவிட்டது. உருளைக்கிழங்கு ரோஸ்டும் சேமியா பாயசமும். வெளியே என்ன நடந்தது என்பதைப் பிறகு மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். மாமனார் படியேறி வந்திருக்கிறார். உள்ளே போக வேண்டுமானால் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். மரியாதையாக டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். மூட்டையும் முகமுமாக ஒரு புது ஆள் உட்கார்ந்திருந்தால் படிக்கட்டு சும்மா இருக்குமா? ஹெட் கிளார்க் என்ன விஷயம் என்று விசாரித்தார்.

மாமனார் ஊர், பெயர் எதுவும் சொல்லவில்லை. மகளை இந்த ஊரில் கட்டிக்கொடுத்திருப்பதாகவும், பேத்திக்கு மூன்று பெயர் எழுதிக் கேட்டும் மாப்பிள்ளை பதிலே போடுவதில்லை என்றும், உடம்பு சரியில்லை என்று கடிதம் வந்து ஓடிவந்ததாகவும், வந்து பார்த்தால் ஆள் சாப்பிடப் போயிருப்பதாகவும் சொல்லியிருக்கிறார். அந்தக் கடிதம் தான் சொல்லி எழுதவைத்தது என்பது பசியில் ஹெட் கிளார்க்குக்கு உறைக்கவே இல்லை.

நான் ஏப்பம் விட்டுக்கொண்டு கைக்குட்டையால் வாயைத் துடைத்தபடி கதவைத் திறந்தபோது ஹெட் கிளார்க்கின் குரல் உச்சத்தில் இருந்தது.

"சுத்த அயோக்கியப் பய! பெரியவரே, நான் சொல்றதைக் கேளுங்கோ. இனிமே பொண்ணை அனுப்பவே அனுப்பாதீங்கோ. லெட்டர் போடாத புருஷனுக்கு இந்த ஊர்ல வேற ஜாகை இருக்குன்னு அர்த்தம்!"

படிக்கட்டு முழுவதும் தலையை ஆட்டியது. மாமனார் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். என் கண்ணைத்தான் முதலில் பார்த்தார். அது சுத்த வெள்ளையாக இருந்தது. சட்டையில் சாம்பார் இருந்தது.

அவர் எழுந்து வந்து ஈரத்துணி மூட்டையை என் கையில் வைத்தார். அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"பாலுல அரைச்சுக் குடிங்க மாப்ளே. உடம்பப் பாத்துக்கிடுங்க. நான் வாரேன்" என்று சொல்லிவிட்டு, டோக்கனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார். பின்னாலேயே ஓடினேன். தாதர்வரை கூடவே நடந்தேன். சாப்பிட்டுவிட்டாவது போங்கள் என்றேன். ரயிலில் பார்த்துக்கொள்கிறேன் என்றார். இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

திரும்பி வந்தபோது ஹெட் கிளார்க் சாப்பிட்டு முடித்துக் கீழே வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

"உம்ம மாமனாரா ஓய் அவர்? முன்னாடியே சொல்லப்படாதோ?"

எனக்கு வந்த கோபத்தில் அவரை இரண்டு வார்த்தை கேட்டிருக்கலாம். அதற்குப் பதிலாக, வெட்கமில்லாமல், இனிமேல் என்ன செய்வது என்று அவரிடமே கேட்டேன். மன்னிப்பை எழுத்தில் கேட்டால் அது நிரந்தரமாக நின்றுவிடும், நேரில் போய்க் கேளும் என்றார். அதையும் கேட்டுக்கொண்டேன். ஒரு வரிகூட எழுதவில்லை. லீவு கிடைக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று.

ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம் நாலு மணி. வீட்டு முற்றத்தில் ஒரு பாயை விரித்திருந்தார்கள். அதில் எட்டு மாதக் குழந்தை ஒன்று தவழ்ந்துகொண்டிருந்தது. என் அம்மாவின் நெற்றி அதற்கு. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, அந்த இரண்டாவது பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டேன். அது ஒரு கரண்டியை எடுத்துத் தரையில் தட்டியது.

உள்ளேயிருந்து என் மனைவி வேறொரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். குழந்தை சட்டென்று திரும்பிச் சிரித்தது. மூன்றில் எதுவுமில்லை. நான் கேள்விப்படாத பெயர்.

அவள் வெளியே வந்து என்னைப் பார்த்துவிட்டுக் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். எதற்குப் பதில் போடவில்லை என்று கேட்டாள். பெரியவர்களிடம் யோசனை கேட்டேன் என்றேன். அவளுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை.

"அப்பாவும் பம்பாய்ல ஒரு பெரியவர்ட்ட யோசன கேட்டாவளாம். மூணையும் விட்டுட்டு நாலாவதா ஒண்ண நீங்களே வச்சிருங்கன்னு சொன்னாராம். வந்த மறுவாரமே கோயில்ல வச்சு முடிச்சாச்சு."

நான் கதவைத் திறந்து வெளியே வருவதற்கு முன்பே அது சொல்லப்பட்டிருக்கிறது. என் குழந்தைக்குப் பெயர் படிக்கட்டில் முடிவாகியிருந்தது.

"மூணுல உங்களுக்கு எது பிடிச்சிருந்தது?" என்று கேட்டாள்.

"ரெண்டாவது."

குழந்தையின் மூக்கைத் துடைத்துவிட்டாள்.

"எனக்கும் அதான்" என்றாள்.