கம்ப்யூட்டருக்குச் சந்தனம் வைத்த கதை

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அந்த விஜயதசமி காலையில் நான் போட்ட கூச்சல் உங்களுக்குப் புரியாது.

எண்பதுகளின் பிற்பாதி. கே.கே. நகரில் ஒரு தனியார் பள்ளியில் நான்காம் வகுப்புக்கு நான் டீச்சர். பள்ளிக்கு ஒரே ஒரு கம்ப்யூட்டர் வந்தது. கீபோர்டுக்குள்ளேயே அதன் மூளையும் இருக்கும். ஒரு பழைய டி.வி.யோடு இணைத்தால் எழுத்து தெரியும், அவ்வளவுதான். சின்னப் பிள்ளைகளும் அதைத் தொட்டுப் படிக்க வேண்டும் என்று தாளாளரிடம் மல்லுக்கட்டி என் வகுப்புக்கு வாங்கி வந்தேன்.

தாளாளருக்குச் சமயநல்லூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம், அங்கே ஒரு ரைஸ் மில்லும் வைத்திருந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் காசு போட்டு வாங்கிய பொருள் என்றால் உயிர். "இம்புட்டுப் பிள்ளைக கையில விட்டா அது என்னத்துக்கு ஆகும் டீச்சர்?" என்று பார்க்கும்போதெல்லாம் கேட்பார். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். விஜயதசமியன்று சேர்க்கைக்கு வரும் பெற்றோர் முன்னால் என் பிள்ளைகள் கம்ப்யூட்டரை ஓட்டிக் காட்ட வேண்டும். நன்றாக நடந்தால் அது எங்களிடமே இருக்கும். கோளாறு என்றால் மாடிக்கு, ஒன்பதாம் வகுப்புக்குப் போய்விடும்.

பிள்ளைகள் உயிரைக் கொடுத்துப் பழகினார்கள். புதிதாகச் சேரும் குழந்தையின் பெயரைத் தட்டினால் திரை நிறைய நட்சத்திரம் போட்டு வரவேற்கும். அதற்கான புரோகிராம் வரிகளை அவர்களே தட்டி, பாட்டு கேட்கும் டேப் கேசட் ஒன்றில் பதிந்து வைத்தார்கள். ஒரு கமா விட்டுப்போனால்கூட மெஷின் தப்பு என்று காட்டிவிடும். என்னைப் போல் கத்தாமல் சொல்கிறதே என்று அதன் மேல் அவர்களுக்குத் தனிப் பாசம். விளாங்குடியிலிருந்து டவுன் பஸ்ஸில் வரும் ஒரு ரெட்டைச் சடைக்காரிதான் எல்லோரையும்விட வேகமாகத் தட்டுவாள்.

சரஸ்வதி பூஜைக்குப் புத்தகங்களோடு கம்ப்யூட்டரையும் வைத்தோம். பூஜையில் வைத்ததை மறுநாள் எடுக்கும்வரை தொடக் கூடாது இல்லையா, அதனால் நாங்களும் தொடவில்லை. பொரிகடலையை வாங்கிக்கொண்டு நான் சீக்கிரமே வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலையில் மேலே போர்த்தியிருந்த துணியை எடுத்தேன். கீபோர்டு முழுக்கச் சந்தனம். ஒரு எழுத்து விடாமல் பொட்டு, நடுவில் குங்குமம். நீர்க்கக் கரைத்த சந்தனம் இடுக்கெல்லாம் இறங்கிக் காய்ந்து கிடந்தது. சுவிட்சைப் போட்டால், யாரும் தொடாமலே எஸ் எஸ் எஸ் என்று திரையில் வரிவரியாக ஓடியது. எஸ் பட்டன் அமுங்கியபடியே ஒட்டிக்கொண்டிருந்தது.

அவ்வளவுதான், சுற்றி நின்ற பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டேன். எந்தக் கை செய்த வேலை இது, உங்களுக்காகப் போய் வாதாடினேனே, இனி மாடியைப் பார்த்து ஏங்குங்கள் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். ரெட்டைச் சடைக்காரி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மூச்சு விடக் கூடாது என்றேன். கடைசியில் அழுகை எனக்குத்தான் வந்தது.

அதற்குள் தாளாளர் வந்துவிட்டார், பின்னாலேயே பெற்றோர் கூட்டம். அவர் திரையை மட்டும் பார்த்தார். சின்னப் பிள்ளைகளிடம் கொடுத்தால் இப்படித்தான் ஆகும் என்று தமக்கு அப்போதே தெரியும், நாளைக்கே மேலே கொண்டுபோய்விடலாம் என்றார்.

ரெட்டைச் சடைக்காரி முன்னால் வந்து நின்றாள்.

"சார், நாங்க டி.வி.க்கு மட்டுந்தான் பொட்டு வச்சோம். கீபோர்டுக்கு வச்சது நீங்க. நாங்க சுண்டல் தின்னுக்கிட்டு இருந்தப்ப வந்து, பட்டன் பட்டனா வச்சீங்கள்ல?"

இவளுக்கு இன்றைக்கே டி.சி.தான் என்று நினைத்துக்கொண்டேன். தாளாளர் அப்போதுதான் கீபோர்டைக் குனிந்து பார்த்தார். பிறகு தன் மோதிர விரலைப் பார்த்தார்.

"ஆமாத்தா," என்றார். "மில்லுல நட்டு போல்ட்டு ஒன்னு விடாம வைப்பேன். அதே நெனப்புல வச்சுட்டேன்."

கூட்டத்தில் ஒரு அப்பாதான் முதலில் சிரித்தார். அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை. தாளாளர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் சுவிட்சை அணைத்தேன். பெண் பிள்ளைகள் தலையிலிருந்து ஹேர்பின்னைக் கழற்றிக் கொடுத்தார்கள். அவர் சுரண்ட, பிள்ளைகள் சுற்றி நின்று ஊத, எஸ் ஒருவழியாக எழும்பி வந்தது. கேசட்டை ஓடவிட்டு, சேர வந்த ஒரு குழந்தையின் பெயரை ரெட்டைச் சடைக்காரி தட்டினாள். திரை நிறைய நட்சத்திரம். அந்தக் குழந்தை பயந்துபோய் அம்மாவின் சேலைக்குள் ஒளிந்துகொண்டது. எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

தாளாளர் எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டார். அடுத்து என்ன சொல்லப் போகிறாரோ என்று பிள்ளைகள் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"பெட்டி இங்கயே இருக்கட்டும் டீச்சர்," என்றார். "அடுத்த பூசைக்கு என்னையத்தான் மாடியில வச்சுப் பூட்டணும்."