பக்கத்து வீட்டு மாத்திரை

நாங்கள் அச்சங்குளத்தில் பட்டாசு வேலைக்குப் போகிற குடும்பம். வெடி விபத்தில் கூட வேலை செய்தவர்கள் கருகியதைப் பார்த்த நாளிலிருந்து என் நாத்தனார் மாரிக்குத் தூக்கமில்லை. தனக்குத்தானே பேசிக்கொண்டே இருந்தாள். மனநல டாக்டரைப் பார்க்க மதுரைக்குத்தான் போகவேண்டும் என்றார்கள். தீபாவளி சீசன், லீவு போட்டால் வேலை போய்விடும் என்று நான் தள்ளிப்போட்டேன்.

பக்கத்து வீட்டுச் செல்லத்தாய், தன் கணவருக்கு மதுரையில் கொடுத்த மாத்திரையில் கொஞ்சம் தந்தாள். "அவுகளுக்கும் இப்படித்தான்க்கா இருந்துச்சு" என்றாள். வாங்கி மாரிக்குக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் காலையில் மாரியின் கழுத்து ஒருபக்கமாகத் திருகிக்கொண்டது. நாக்கு வெளியே தள்ளியது, பேச முடியவில்லை. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

"ஏதாவது மாத்திரை குடுத்தீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"ஒண்ணும் குடுக்கலங்க" என்றேன் பயத்தில்.

வலிப்பா, விஷமா என்று அவர் திகைத்தார். மாரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாங்க முடியாமல் முந்தானையில் முடிந்திருந்த மீதி மாத்திரைகளை எடுத்து நீட்டினேன். "இந்த மாத்திரையாலதான் கழுத்து இழுத்திருக்கு" என்று சொல்லி ஊசி போட்டார். கொஞ்ச நேரத்தில் கழுத்து நேரானது.

அடுத்த வாரமே மதுரைக்குப் போனோம். முன்பு என்ன மாத்திரை சாப்பிட்டாள் என்று அங்கேயும் கேட்டார்கள். என்னைக் காப்பாற்ற நினைத்து மாரி, "ஒண்ணும் இல்லீங்க, மதினி ஒண்ணும் குடுக்கல" என்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்ததையெல்லாம் நானே சொன்னேன்.

இப்போது மாதம் ஒருநாள், சீசனானாலும் வேலையை விட்டுவிட்டு, இரண்டு பேரும் மதுரைக்குப் பஸ் ஏறிவிடுகிறோம்.