இடுப்பளவுத் தண்ணீர்

பனிச்சங்கேணி ஜதுர்சன் உயரமாக வேண்டுமென்று இந்தியாவுக்குப் போய், இரண்டு தொடை எலும்பையும் மூன்று அங்குலம் நீட்டிக்கொண்டு வந்தவன். எலும்பு முற்றியபின், உள்ளே வைத்திருந்த கம்பிகளைப் போன மாதம் எடுத்தார்கள். காயம் நன்றாக ஆறிவிட்டது. கால்களில் முழுப் பாரமும் விழாமலிருக்க, தினமும் வாவியில் இடுப்பளவுத் தண்ணீரில் நடக்கும்படி டொக்டர் சொல்லியிருந்தார்.

அப்படி நடக்கத் தொடங்கிய நாலாம் நாள், ஊர்த் தாதியான நான் பார்க்கப் போனபோது, முகம் வாடிக் கரையில் இருந்தான்.

"தொடை கடுக்குது மிஸ்ஸி. இனி வலை வீச ஏலாது போல."

அழுத்திப் பார்த்தேன். வீக்கமில்லை, எலும்பிலும் நோவில்லை.

"எங்க நடந்த நீ?"

"எனக்கு எப்பவும் இடுப்பளவு வாற இடத்திலதான்."

அங்கேயே போய் நிற்கச் சொன்னேன். தண்ணீர் தொடையோடு நின்றது. அவன் தங்கை சர்மிலா சிரித்துவிட்டாள்.

"அண்ணன், அது உங்கட பழைய இடுப்பு!"

"இன்னும் பத்து எட்டு வைச்சு உள்ளுக்குப் போ" என்றேன்.

போனான். தண்ணீர் இடுப்பைத் தொட்டது. கால் மணி நேரம் நடந்தும் முகம் சுளிக்கவில்லை.

"மிஸ்ஸி, எப்ப வலை எடுக்கலாம்?"

"இப்பிடியே நடந்தா, டொக்டரிட்டக் கேட்டு அடுத்த மாசம்."

சர்மிலா வலையின் கிழிசலைப் பொத்த வீட்டுக்குப் போனாள்.