மல்லிகைக்கு ஆகாத உப்பு

குழம்பில் உப்பு கூடிவிட்டால் ஒரு உருளைக்கிழங்கைப் போட்டுச் சமாளிக்கலாம். ஏரியில் கூடிவிட்டால் எங்களைப் போன்றவர்களைத்தான் பிடித்துப் போடுவார்கள். தண்ணீர் சோதிக்கிற ஒரு சின்னக் கம்பெனியில் எனக்கு வேலை. வெயிலில் படகில் உட்கார்ந்து, மீட்டரைத் தண்ணீருக்குள் விட்டு, அது காட்டும் எண்ணைப் பார்த்துப் பெருமூச்சு விடுவது அதில் முக்கால்வாசி. மீதிக் கால்வாசி, கரையில் இருப்பவர்களிடம் போய் "இதைச் செய்யாதீங்க" என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்வது. அப்படி ஒரு வேலையில் நீங்களும் இருந்தால், நாம் சொந்தக்காரர்கள்தான்.

நான் சொல்லப்போவது மலேசியாவில் குளுவாங்குக்கு வெளியே இருக்கும் ஒரு பழைய தோட்டத்து ஏரியைப் பற்றி. இப்போது அதன் ஒரு பக்கம் செம்பனைத் தோப்பு, ஒரு பக்கம் தாமான் என்கிற குடியிருப்பு வீடுகள், இன்னொரு பக்கம் மாரியம்மன் கோயில். கடல் எங்கோ இருக்கிறது. ஆனாலும் அந்தத் தண்ணீரில் உப்பு ஏறிக்கொண்டே வந்தது. நாக்கில் வைத்தால் நமக்குத் தெரியாது, செடிக்குத் தெரியும்.

கூட்டம் கலைக்கும் விதம்

முதல் நாள் படகை இறக்கியதும் கரையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. யாரோ முங்கிப்போய்விட்டதாகவும் நாங்கள் தேடுவதாகவும் கிளப்பிவிட்டிருந்தார்கள். நான் ஒரு பெரியவரைப் பிடித்து, வெயிலில் தண்ணீர் மட்டும் ஆவியாகிப் போக உப்பு எப்படி அங்கேயே தங்கிவிடுகிறது என்று விளக்க ஆரம்பித்தேன். விளக்கி முடிப்பதற்குள் மற்றவர்கள் எல்லாரும் போய்விட்டிருந்தார்கள். எங்கள் படகோட்டி தேவா அண்ணன் நிம்மதியாகப் பால் கலக்காத தே ஓ குடித்துக்கொண்டிருந்தார். எப்படி அனுப்பினீர்கள் என்று கேட்டேன்.

"கடல் தண்ணி அடியில வந்து கலந்துடுச்சான்னு கேட்டாங்க மிஸ். ஆமான்னுட்டேன். அவங்களுக்கும் திருப்தி, நமக்கும் வேலை ஆவுது லா."

மீனுக்கு வைத்தியம்

ஏரியின் ஒரு மூலையில் கூண்டு போட்டு மீன் வளர்க்கிறார் ஒரு சீன முதலாளி, எல்லாருக்கும் தவுக்கே. தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர், என்னைவிட வேகமாகத் தமிழ் பேசுவார். மீன் உடம்பில் வெள்ளைப் புள்ளி கண்டால் போதும், கல் உப்பை மூட்டையோடு தூக்கிக் கூண்டுக்குள் கவிழ்த்துவிடுவார். மீன் பிழைத்துக்கொள்ளும். உப்பு ஏரியில் தங்கிவிடும்.

சீக்கு வந்த மீனைத் தனித் தொட்டியில் விட்டு அங்கே உப்புப் போடுங்கள் என்றேன். அவர் ஒரு மீனைத் தூக்கி, செவுளை விரலால் விலக்கிப் பார்த்து, அதற்கு வலிக்காமல் திரும்ப விட்டார். திட்டத் தயாராக வந்தவள், அந்தக் கையைப் பார்த்ததும் கெஞ்சத் தொடங்கிவிட்டேன். கடைசியில் தொட்டி வாங்கச் சம்மதித்தார். ஆனால் மனசில்லாமல்தான்.

"தனியா வுட்டா அது பயப்படும் மிஸ். ஆஸ்பத்திரியில ஒத்தையா படுத்திருக்கீங்களா நீங்க?"

யார் கண்ணோ

கோயிலை ஒட்டி லெட்சுமி அக்காவின் செடித்தோட்டம். குண்டுமல்லி, கனகாம்பரம், துளசி. பூ மார்க்கெட்டுக்குப் போகும், தொட்டிச் செடிகள் தாமான் வீடுகளுக்குப் போகும். அவர் கணவர் முனியாண்டி அண்ணன் நட்ட செடிகள் அவை. வாதம் வந்து அவருக்கு ஒரு பக்கம் விழுந்துபோன பிறகு, அவர் சக்கர நாற்காலியிலிருந்து சொல்லச் சொல்ல அக்கா செய்கிறார். தண்ணீர் எல்லாம் பம்ப் வைத்து ஏரியிலிருந்துதான்.

நான் போனபோது மல்லிகை இலைகளின் ஓரமெல்லாம் தீயில் காட்டி எடுத்ததுபோல் கருகியிருந்தன. மொட்டு கண்ணில் படவில்லை. பாசிர் கூடாங்கில் வேலை பார்க்கும் மகன், இடத்தைக் கொடுத்துவிட்டு என் பிளாட்டுக்கு வந்துவிடுங்கள் என்று போன வாரமும் கூப்பிட்டிருக்கிறான். பிளாட் எட்டாவது மாடி. அங்கே இவருக்கு எதைக் காட்டுவது என்று அக்கா என்னைக் கேட்டார். தண்ணீரைப் பற்றி நான் வாயெடுப்பதற்குள் அவரே காரணத்தையும் சொல்லிவிட்டார்.

"கண்ணு பட்டுடுச்சு மிஸ். யாரு கண்ணுன்னுதான் தெரியல."

வெள்ளிக்கிழமை

ஒரு வெள்ளிக்கிழமை கோயில் படிக்கட்டுப் பக்கம் படகைக் கட்டியிருந்தோம். பூசை முடிந்து ஆட்கள் வரிசையாகப் படியிறங்கி வந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு உப்புப் பொட்டலம். உடம்பு சரியில்லாதவர்களுக்காக வேண்டிக்கொண்டு உப்பைத் தண்ணீரில் போடுவது இந்தக் கோயில் வழக்கம். உப்பு கரைவதுபோல் நோயும் கரையும். லெட்சுமி அக்கா கணவரின் தலையை மூன்று முறை சுற்றி ஒரு பொட்டலத்தை ஏரியில் கொட்டினார். பிறகு தோட்டத்துக்குள் போய், மல்லிகை வரிசையையும் உப்பும் மிளகாயுமாகச் சுற்றிக்கொண்டு வந்தார். திருஷ்டி கழிய அதையும் ஏரியில் போட்டார். பம்ப் குழாய் அங்கேதான் தண்ணீர் உறிஞ்சிக்கொண்டிருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் போயும்விட்டது. இலை கருகக் கருக உப்புப் போட்டிருக்கிறார். உப்புப் போடப் போட இலை கருகியிருக்கிறது. சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் கண்ணை மூடிக் கும்பிட்டு நிற்கிற ஒரு பெண்ணிடம் மீட்டரை நீட்ட எனக்குத் தைரியம் வரவில்லை. முனியாண்டி அண்ணன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் வரும்படி தலையசைத்தார். வார்த்தைகள் ஒவ்வொன்றாகத்தான் வந்தன.

"உப்பு போட்டா என் காலு வராதுன்னு எனக்குத் தெரியும் மிஸ். போடாட்டி அவளுக்குத் தூக்கம் வராது."

தெப்பமும் மணல் மூட்டையும்

உண்மையைச் சொன்னால், பக்தர்கள் போடுவது கொஞ்சம். தவுக்கே கொட்டியதுதான் அதிகம். ஆனால் ஜொகூரில் பெய்கிற மழைக்கு இரண்டுமே அடித்துக்கொண்டு போயிருக்க வேண்டும். ஏன் போகவில்லை என்று கரையைச் சுற்றி வந்தபோதுதான், தண்ணீர் வெளியேறும் வாய்க்கால் மணல் மூட்டைகளால் அடைபட்டிருப்பதைப் பார்த்தோம். மூட்டைகளின் மேல் புல்லே முளைத்திருந்தது.

எப்போதோ ஒரு தெப்பத் திருவிழாவுக்குத் தண்ணீர் நிறைந்து நிற்கட்டும் என்று கோயில்காரர்கள் அடைத்திருக்கிறார்கள். அம்மன் ஊர்வலம் முடிந்தது, ஏரி ததும்புவது பார்க்க அழகாகவும் இருந்தது, எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. மழைக்காலத்தில் திறந்து வைப்போம், திருவிழாவுக்கு முன் நாங்களே வந்து அடைத்துத் தருகிறோம் என்று கோயில் தலைவரிடம் கெஞ்சினேன். அவர் ஒரு மூட்டையைக் காலால் அழுத்திப் பார்த்தார்.

"எடுங்க மிஸ். ஆனா அம்மன் சேத்துல மாட்டிக்கிட்டா, நீங்கதான் எறங்கித் தள்ளணும்."

எங்கே போகும்

லெட்சுமி அக்காவிடம் சொல்ல வேண்டிய நாளும் வந்தது. மீட்டரைத் தண்ணீரில் விட்டுக் காட்டி, இலை ஏன் கருகுகிறது என்று சொன்னேன். உங்களால் மட்டும் இல்லை என்பதை ஒன்றுக்கு இரண்டு முறை சொன்னேன். அவர் மல்லிகை வரிசை ஓரமாக அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "செடியைக் காப்பாத்தணும்னா அவருக்குப் போடறதை நிறுத்தணுமா?" என்று கேட்டார். இந்த வேலையில் என்னை அப்படி உலுக்கிய கேள்வி வேறு இல்லை.

வேண்டாம் என்று அவசரமாகச் சொன்னேன். படிக்கட்டில் ஒரு பெரிய தொட்டி வைப்போம், ஏரித் தண்ணீரையே மொண்டு ஊற்றுவோம், உப்பு அம்மன் தண்ணீரில்தான் கரையும், ஏரியில் சேராது என்றேன். தொட்டியில் கரைந்த தண்ணீர் பிறகு எங்கே போகும் என்று அக்கா கேட்டார். என் வீடு பெர்மாஸ் ஜெயாவில், கடற்கரை பக்கம். வாராவாரம் போகிறவள்தானே என்ற நினைப்பில், கடலுக்கு என்று சொல்லிவிட்டேன். வாங்கிக் கட்டிக்கொள்வதில் பல வகை உண்டு. தேவா அண்ணன் மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அலமாக் மிஸ், யாரு தூக்கறது?"

கடலோரத்தில்

அப்படித்தான் என் காரின் பின்புறம் கேன்கள் ஏறின. பெர்மாஸ் ஜெயாவில் முதல் கேனைக் கடலில் கவிழ்த்தபோது, தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒரு மலாய்க்காரப் பெரியவர் எழுந்து வந்துவிட்டார். எண்ணெயா, மருந்தா என்று மலாயில் விசாரித்தார். வெறும் உப்புத் தண்ணீர்தான், குளுவாங்கிலிருந்து கொண்டு வருகிறேன் என்றேன். அவர் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு கடலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒரு நல்ல டாக்டரின் கனிவோடு கேட்டார்.

"இங்கே இருக்கிறது போதவில்லையா, மகளே?"

மெதுவாகப் போக வேண்டிய காரணம்

மழைக்காலம் வந்தது. வாய்க்கால் வழியாக ஏரி ராத்திரி பகலாக வழிந்தது. மீட்டரில் எண் இறங்கியது, கொஞ்சம் ஏறியது, மறுபடி இறங்கியது. முனியாண்டி அண்ணன் நாற்காலியை மல்லிகைப் பக்கம் தள்ளச் சொல்லி, நல்ல கையால் கருகிய கிளைகளைக் கிள்ளிக்கொண்டிருந்தார். அவர் கால் வரவில்லை. ஒரு சனிக்கிழமை நான் போனபோது, கிள்ளிய இடங்களில் ஓரம் கருகாத பச்சை இலை இருந்தது, நுனியில் அரும்பும் இருந்தது. மகன் கூப்பிட்டானாம். பூ பறிக்க ஆள் இல்லாமல் எப்படி வருவது என்று அக்கா போனை வைத்துவிட்டாராம்.

கேனை அக்காவே தூக்கி வந்து காரில் வைத்தார். சாயாமல் இருக்க நாலு பக்கமும் பழைய துணி அண்டக் கொடுத்தார். மூடியைத் திருகி, இன்னொரு தடவையும் திருகிப் பார்த்தார். நான் காரைக் கிளப்பியதும் ஜன்னல் பக்கம் குனிந்தார்.

"மெதுவா ஓட்டுங்க மிஸ். அவரு நோவு பின்னாடிதான் இருக்கு."

ஏரியில் உப்பு குறைந்ததற்காக எங்கள் கம்பெனிக்கு நல்ல பெயர் கிடைத்தது, என் காரின் பின்புறம் துருப்பிடித்ததற்கு மட்டும் இன்றுவரை யாரும் பொறுப்பேற்க வரவில்லை.