சூடு ஆறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்

அணுபுரத்தில் குளிர் என்று ஒன்று உண்டா என்று கேட்டால் சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள். மார்கழி விடியலில் கொஞ்சம் சிலுசிலுவென்று காற்று வரும். மின்விசிறியை ஒரு புள்ளி குறைத்து வைப்பார்கள். தை பிறந்தால் அதுவும் போச்சு. ஆனால் ஞானம்பாளின் வீட்டு வாசலில் மட்டும் கார்த்திகை பிறந்ததுமே இமயமலை வந்து இறங்கிவிடும். அதை அழைத்து வந்தவர் அவள் கணவர் திருநாவுக்கரசு.

திருநாவுக்கரசு பக்கத்து அணு ஆராய்ச்சி நிலையத்தில் அதிகாரி. கருவிகளின் முள் சரியாகக் காட்டுகிறதா என்று பார்ப்பது அவர் வேலை. ஒரு குளிர்காலத்தில் பயிற்சிக்கென்று அவரை வடக்கே ஒரு மலையூருக்கு அனுப்பினார்கள். அங்கே விடுதி ஜீப்பை ஓட்டியவர் தினமும் காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்து உறுமவிட்டு, ஒரு டீயைக் குடித்துவிட்டு வந்துதான் எடுப்பாராம். பனி உறையும் ஊரில் அது நியாயம். திருநாவுக்கரசு அந்த ஊரிலிருந்து மனைவிக்கு ஒரு சால்வை வாங்கி வந்திருக்கலாம். இந்தப் பழக்கத்தை வாங்கி வந்தார்.

தொண்ணூற்று நான்கில் பழைய வெள்ளைக் கார் ஒன்றை வாங்கினார். அன்றிலிருந்து குளிர்காலக் காலைகளில் ஒரு பூஜை நடக்கும். குரங்குக் குல்லாவும் மப்ளரும் மாட்டிக்கொண்டு இறங்குவார். சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்வார். வண்டி இருமி, குலுங்கி, புகையைக் கக்கும். அந்தப் புகை முதலில் ஞானம்பாள் போட்ட கோலத்தைத் தடவும், அப்புறம் சமையலறை ஜன்னல் வழியே நுழைந்து சாம்பாரை விசாரிக்கும். அவர் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடி, நாடி பார்க்கும் வைத்தியர் மாதிரி நிற்பார். குல்லாவுக்குள்ளிருந்து வியர்வை வழிந்து மப்ளரை நனைக்கும். அதைக் குளிர் என்றுதான் அவர் சொல்வார்.

பக்கத்துக் குவார்ட்டர்ஸ் ஜெபகுமாருக்கு இது பொறுக்கவில்லை. அவரும் விஞ்ஞானிதான். வண்டியைக் கொஞ்ச தூரம் நிதானமாக ஓட்டினாலே இன்ஜின் தானாகச் சூடேறிவிடும், நிற்கவைத்து உறுமவிடுவது பெட்ரோலுக்குப் பிடித்த கேடு என்பது அவர் கட்சி. தண்ணீர்த் தொட்டியைக் கழுவுவது பற்றிப் பேசக் கூடிய குடியிருப்போர் கூட்டம் இந்த வாதத்தில் இறங்கி, கரும்பலகையில் வரைபடம் போட்டு, மதியச் சாப்பாட்டுக்குத்தான் கலைந்தது. தொட்டியில் பாசி நிம்மதியாக வளர்ந்தது. ஜெபகுமார் விடாமல் ஒரு தெர்மாமீட்டரைக் கொண்டுவந்து விடியற்காலையில் வாசலில் தொங்கவிட்டுக் காட்டினார். அது சொன்ன வெப்பத்தில் வடநாட்டுக்காரன் சட்டையைக் கழற்றியிருப்பான். திருநாவுக்கரசு அதை உற்றுப் பார்த்துவிட்டு, இதைக் கடைசியாக எப்போது சரிபார்த்தார்கள் என்று கேட்டார். விவாதம் அத்தோடு முடிந்தது.

இந்தக் கூத்தில் நஷ்டப்பட்டவள் ஞானம்பாள். அவள் கணக்கு டீச்சர். செங்கல்பட்டில் ஒரு பெண்கள் பள்ளியில் தற்காலிக வேலை. வருஷா வருஷம் ஜூன் மாதம் சேர்த்துக்கொள்வார்கள், ஏப்ரலில் வழியனுப்புவார்கள். நிரந்தரமாக்குங்கள் என்று கேட்டால், பார்க்கலாம் என்பார்கள். பார்ப்பதற்கு அவர்களுக்குக் கிடைத்ததெல்லாம் அவள் தாமதமாக வந்த நாட்கள்தான்.

டவுன்ஷிப் கேட்டுக்கு நடந்தே போய்விடலாம். ஆனால் ஆபீசர் பெண்டாட்டி இருட்டு விலகாத நேரத்தில் பையைத் தூக்கிக்கொண்டு நடப்பதாவது என்று அவர் காரில் கொண்டுபோய் விடுவார். கார் சூடேறுவதற்குள் செங்கல்பட்டு பஸ் போய்விடும். டிரைவர் பன்னீர்செல்வம் நெரும்பூர்க்காரர், இரக்கமுள்ளவர். கேட்டில் ஒரு நிமிஷம் நிறுத்திப் பார்ப்பார். எப்போதாவது அவள் மூச்சிரைக்க வந்து ஏறினால் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே கேட்பார்: "இன்னாம்மா, ஐயா இன்னும் அடுப்பு மூட்டிகினுதான் கீறாரா?"

பஸ்ஸே சிரிக்கும். அவளும் சிரித்துவைப்பாள். கல்லானாலும் கணவன் என்றார்கள். கார் வைத்திருக்கும் கணவனைப் பற்றிப் பெரியவர்கள் ஒன்றும் சொல்லிவைக்கவில்லை. சில நாட்கள் அவர் சோக்கை இழுக்கும்போதே பின்வாசல் வழியாக நழுவி நடந்துவிடுவாள். அதற்காக அவர் கோபித்துக்கொண்டு பேசாமல் இருப்பார். வீடு அமைதியாக இருக்கும். அந்த நாட்களில்தான் அவள் விடைத்தாள்களை ஒழுங்காகத் திருத்தினாள்.

தொண்ணூற்றாறு மார்கழியில் பள்ளி நிர்வாகம் ஒருவழியாக மனமிறங்கியது. கணக்குக்கு ஒரே ஒரு நிரந்தர இடம். அதற்கு நேர்காணல். மேல்மருவத்தூர்ப் பக்கத்திலிருந்து இன்னொரு பெண்ணும் வருகிறாள். இந்த முறை கிடைக்காவிட்டால் அடுத்த ஜூனில் தற்காலிகமாகக்கூட இடமிருக்காது என்று தலைமையாசிரியை முன்கூட்டியே சொல்லிவிட்டார். ஞானம்பாள் அரக்குப் பட்டுப்புடவையை எடுத்து வைத்தாள். பஸ்ஸில்தான் போவேன் என்றும் சொல்லிப் பார்த்தாள்.

திருநாவுக்கரசு கேட்கவில்லை. பட்டுப்புடவை கசங்க, கூட்டத்தில் இடிபட்டுப் போய் நின்றால் யார் மதிப்பார்கள் என்றார். லீவு போட்டிருப்பதாகவும், பள்ளி வாசலிலேயே இறக்கிவிடுவதாகவும் சொன்னார். அவர் சொன்னதில் பாசமும் இருந்தது, அதையும் மறைக்கக் கூடாது. அவளும் கொஞ்சம் இளகிவிட்டாள். அந்த இளக்கத்துக்காகத் தன்னைத்தானே அவள் பின்னால் எவ்வளவோ திட்டிக்கொண்டாள்.

முக்கியமான நாள் அல்லவா, முந்தின நாள் மாலையே ஒத்திகை நடந்தது. வண்டியைக் கொஞ்சமும் நகர்த்தாமல், தெருவிளக்கு எரியும் வரைக்கும் உறுமவிட்டார். மறுநாள் விடிந்ததும் அசல் பூஜை. வழக்கத்தைவிட நீண்ட பூஜை. பட்டுப்புடவையோடு அவள் உள்ளே உட்கார்ந்திருக்க, பஸ் கேட்டைத் தாண்டிப் போகும் சத்தம் கேட்டது. இன்னும் கொஞ்சம் என்றார் அவர். அவள் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டாள்.

கடைசியில் கிளம்பினார்கள். நெரும்பூர் தாண்டியதும் முன்னால் பன்னீர்செல்வத்தின் பஸ் போய்க்கொண்டிருந்தது. திருநாவுக்கரசு ஹாரனை நீளமாக அழுத்திக்கொண்டு அதை முந்தினார். முந்திவிட்டு மனைவியைத் திரும்பிப் பார்த்தார். சூடேற்றிய வண்டியின் மகிமையை இப்போதாவது ஒப்புக்கொள் என்று கேட்கும் பார்வை. அவளுக்கும் அந்த நிமிஷம் ஒரு நம்பிக்கை வரத்தான் செய்தது.

திருக்கழுக்குன்றத்து மலை கண்ணில் படும் இடத்தில், ஏரிக்கரைப் புளியமரங்களுக்கு நடுவே, வண்டி இரண்டு தடவை விக்கியது. அப்புறம் ஓசையில்லாமல் உருண்டு போய் நின்றது.

அவர் இறங்கினார். முதலில் பானெட்டின் மேல் கையை வைத்தார். "இன்ஜின் நல்ல சூடாத்தான் இருக்கு," என்றார், பையன் பாஸாகிவிட்டான் என்று சொல்லும் தோரணையில்.

பிறகுதான் பெட்ரோல் மூடியைத் திறந்து, வண்டியைக் குலுக்கி, காதை வைத்துக் கேட்டார். உள்ளே ஒன்றுமில்லை. வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்களே, அதுபோல ஆபீசில் அத்தனை முட்களைச் சரிபார்ப்பவரின் காரில் பெட்ரோல் முள் வாங்கின நாளிலிருந்தே செத்துக் கிடந்தது. முள் எதற்கு, கணக்கு இருக்கிறதே என்பார். எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று பார்ப்பார், லிட்டருக்கு இவ்வளவு என்று மனசுக்குள் கழிப்பார். அந்தக் கணக்கில் தப்பே கிடையாது. நின்ற இடத்தில் உறுமும் வண்டி கிலோமீட்டரே ஓடுவதில்லை என்பது மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. வாசலில் எரித்த பெட்ரோல் எல்லாம் அவர் கணக்கில் பத்திரமாக டேங்கிலேயே இருந்தது. கணக்கு டீச்சரும்தான் பக்கத்திலேயே இருந்தாள், அவளுக்கும் அது உறைக்கவில்லை. வீட்டுக் கணக்கென்றால் யாருக்கும் மூளை ஓடாது போலிருக்கிறது.

பின்னால் பஸ் வந்தது. பன்னீர்செல்வம் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தி, தலையை வெளியே நீட்டினார். "அண்ணாத்த ஆரன் அடிச்சுகினு பறந்தாரே, இன்னா ஆச்சு? ஏறுங்க, டைம் ஆவுது."

ஞானம்பாள் கதவைத் திறந்து இறங்கினாள். அவர் அவளைத் தடுத்தார். "ஞானம், நீ வண்டியிலேயே உக்காரு. நான் இந்த பஸ்ல போய் கேன்ல பெட்ரோல் வாங்கிட்டு வந்துடறேன். வண்டியை நடு ரோட்டுல அனாதையா விட்டுட்டுப் போக முடியுமா?"

அவர் கெட்டவர் இல்லை. வேண்டுமென்றும் சொல்லவில்லை. ஒரு நொடிகூட யோசிக்காமல் சொன்னார், அதுதான் அவளைச் சுட்டது. இத்தனை வருஷம் அவள் எதற்காக இருட்டில் எழுந்தாள், எதற்காகப் பட்டு உடுத்தினாள், இன்று எங்கே போகிறாள் என்பதெல்லாம் அந்த வாக்கியத்தில் எங்குமே இல்லை. வண்டிக்குக் காவல் வேண்டும், அவள் இருக்கிறாள். அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது. நல்ல, முழுசான கோபம். அதை அவள் அனுபவித்து வருஷங்கள் ஆகியிருந்தன.

கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். பஸ் படியில் காலை வைத்து, திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க உக்காருங்க. சூடு ஆறாம பாத்துக்கங்க."

பஸ் கிளம்பிவிட்டது. கண்டக்டர் டிக்கெட் கேட்க மறந்து நின்றார். பின் கண்ணாடி வழியே பார்த்தபோது திருநாவுக்கரசு பானெட்டின் மேல் கை வைத்தபடியே நின்றுகொண்டிருந்தார்.

கசங்கிய பட்டோடும் வழியும் வியர்வையோடும் அவள் போய் நின்றபோது, அவள் பெயரை ஒரு தடவை கூப்பிட்டு முடித்திருந்தார்கள். இரண்டாம் தடவை கூப்பிடும்போது உள்ளே நுழைந்தாள். பயமெல்லாம் ஏரிக்கரையிலேயே போய்விட்டிருந்தது. கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். ஒருவர் கேட்ட கேள்வியே தப்பு என்றும் சொன்னாள். வேலை அவளுக்குத்தான் கிடைத்தது.

திருநாவுக்கரசு உச்சிவெயில் வரைக்கும் காவல் காத்து, ஒரு பால் வேன்காரரின் தயவில் வீடு திரும்பினார். அதன்பிறகு டவுன்ஷிப் முழுக்க அவர் சொன்ன கதை வேறு. "அன்னிக்கு நான் சமயோசிதமா அவளை பஸ்ல ஏத்திவிடலேன்னா இந்த வேலை கிடைச்சிருக்குமா?" என்பார். ஞானம்பாள் மறுக்கவில்லை. சம்பளம் நிரந்தரமானதும் கியர் இல்லாத ஸ்கூட்டர் ஒன்று வாங்கினாள். பட்டனை அழுத்துவாள், போய்விடுவாள். வாசலில் குல்லாவோடு நிற்பவர், சூடு பண்ணாமல் எடுத்தால் எத்தனை நாளைக்கு உழைக்கும் என்று காற்றைப் பார்த்துக் கேட்பார். அந்த ஸ்கூட்டர் உழைத்துக்கொண்டே இருந்தது.

இரண்டாயிரத்து நான்கில் புதுக் கார் வந்தது. சோக்கே இல்லாத கார். ஸ்டார்ட் செய்து உடனே எடுக்கலாம் சார் என்றான் விற்ற பையன். அவனுக்கு அணுபுரத்துக் குளிர் பற்றி என்ன தெரியும் என்று திருநாவுக்கரசு பூஜையைத் தொடர்ந்தார். இதற்குள் ஞானம்பாள் செங்கல்பட்டில் கார் ஓட்டக் கற்று லைசென்ஸும் வாங்கியிருந்தாள். அதைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

அடுத்த வருஷம் மார்கழியில் அவள் அதே பள்ளிக்குத் தலைமையாசிரியை ஆனாள். பொறுப்பேற்கும் நாளன்று காலையில் குளித்துவிட்டு வந்தால், வாசலில் அவர் குல்லாவும் மப்ளருமாகக் காரருகே நின்றிருந்தார். நல்லவேளை, இன்னும் ஸ்டார்ட் செய்யவில்லை.

"நானே கொண்டுபோய் விடறேன்," என்றார். கொஞ்சம் தயங்கி, "டேங்க் ஃபுல்லா இருக்கு," என்றார்.

ஞானம்பாள் சாவிக்குக் கையை நீட்டினாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார், கொடுத்தார். அவள் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, ஸ்டார்ட் செய்த மூச்சிலேயே கிளப்பினாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு சத்தத்தைக் கேட்டபடி வந்தார். இன்ஜின் ஒரு குறையும் சொல்லவில்லை.

ஏரிக்கரை வந்தது. அதே புளியமரங்கள், தூரத்தில் அதே மலை. அவர் குல்லாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். குனிந்து, அவளுக்கு முன்னால் இருந்த பெட்ரோல் முள்ளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"முள் சரியா காட்டுது, ஞானம்," என்றார்.

அது மன்னிப்புக் கேட்டதுதான் என்று அவளுக்குத் தெரியும். அவரிடமிருந்து கிளம்பி வர அதற்கு இத்தனை வருஷம் சூடேற வேண்டியிருந்தது. "ம்" என்றாள். முன்னால் செங்கல்பட்டு பஸ் போய்க்கொண்டிருந்தது. ஹாரன் அடிக்காமல் அதைத் தாண்டி, பள்ளிக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தாள்.