பின்சீட்டில் ஓர் எலுமிச்சம்பழம்

கண்ணுகளா, போன தடவை நீங்கள் ரெண்டு பேரும் பெங்களூரிலிருந்து வந்தபோது, ஸ்டேஷனிலிருந்து வீடு வரைக்கும் என்னைக் கிண்டல் பண்ணிக்கொண்டே வந்தீர்கள். "அப்பா, கார் ஓட்டறீங்களா, தேர் இழுக்கறீங்களா?" என்றாள் பெரியவள். "பின்னால சைக்கிள்காரர் பெல் அடிக்கறாருப்பா, வழி விடுங்க" என்றான் சின்னவன். பின்சீட்டில் உங்கள் அம்மா வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டு வந்தாள். நான் பதில் பேசினால் எழுந்துவிடுவாள். அதனால் எழுதுகிறேன். தமிழை நீங்கள் எழுத்துக்கூட்டித்தான் படிப்பீர்கள் என்று தெரியும். நானும் பத்தாவதுக்கு மேல் போகாதவன், மெதுவாகத்தான் எழுதுகிறேன். சரியாகப் போகும்.

அம்மாவுக்கு வண்டி ஒத்துக்கொள்ளாது என்பது உங்களுக்குத் தெரியும். அவள் பிறந்த ஊரான ராமாபுரத்துக்கு இங்கே மைசூரில் பஸ் ஏறினால் கொள்ளேகால் வருவதற்குள் எல்லாம் வெளியே வந்துவிடும். ஊரில் இறங்கியதும் அவள் முதலில் பார்ப்பது அண்ணன் முகத்தை இல்லை, டீக்கடைக் குழாயைத்தான். மாமா மகன் கல்யாணத்தில் அத்தை என்ற முறையில் சீர்த்தட்டு தூக்கவேண்டியவள் இவள். மண்டபத்து அறையில் சுருண்டு படுத்திருந்தாள். தட்டை வேறு யாரோ தூக்கிக்கொண்டு போனார்கள். மேளச் சத்தத்தைப் படுத்துக்கொண்டே கேட்டாள். இந்த வருடம் மாமா மகள் கல்யாணம் நிச்சயமானதும் உங்கள் மாமி தன் நாத்தனாரான அம்மாவுக்குப் போன் செய்தாள். "ஏனுங் நங்கை, உங்களுக்கு ரூமும் பக்கெட்டும் இப்பவே எடுத்து வெச்சுட்டேன்." மாமி ஆசையாகத்தான் சொன்னாள். ஆனால் போனை வைத்த பிறகு அம்மா வெகுநேரம் ஒரே வெங்காயத்தை உரித்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் பழைய கார் ஒன்று வாங்குவது என்று முடிவு செய்தேன். எந்தக் காரில் அவளுக்கு வாந்தி வரவில்லையோ அந்தக் கார். வேறு எந்த நிபந்தனையும் இல்லை.

ரிங் ரோடு பக்கம் பழைய கார் விற்கும் இடங்கள் வரிசையாக இருக்கின்றன. எங்கே போனாலும் ஒரே பேச்சு. "டாக்டர் ஓட்டின வண்டி சார். வீடு, ஆஸ்பத்திரி, அஷ்டே, அவ்ளோதான்." மைசூரில் இத்தனை டாக்டர்கள் இருந்தும் நமக்கு ஒரு காய்ச்சலுக்கு அரைநாள் உட்கார வேண்டியிருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன். எல்லோரும் காரை விற்கப் போயிருப்பார்கள் போல.

முதல் கடையில் நான் ஓட்டினேன், அம்மா பின்னால் உட்கார்ந்தாள், கையில் எலுமிச்சம்பழத்தை வைத்து முகர்ந்துகொண்டே. முதல் சர்க்கிளிலேயே தோளைத் தட்டினாள். இரண்டாவது கடையில் சிவப்புக் கார். அதுவும் ஆகவில்லை. மூன்றாவது கடைக்காரர் சீட்டின் மேல் முன்னெச்சரிக்கையாகப் பாலிதீன் விரித்து வைத்திருந்தார். நாங்கள் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. அந்தக் கடைகள் ஒன்றுக்கொன்று போட்டி என்று நினைத்திருந்தேன், செய்தியை மட்டும் பகிர்ந்துகொள்வார்கள் போலிருக்கிறது. நான்காவது கடைக்குப் போன் செய்தபோது எடுத்தவர், "சார், அந்த அம்மாவும் வராங்களா?" என்று கேட்டார்.

அவர் மைசூரிலேயே பிறந்த தமிழர், பாதிப் பேச்சு கன்னடம். பெல்ட்டில் பெரிய சாவிக்கொத்து தொங்கும். எங்களைப் பார்த்ததும் சாவியை என்னிடம் தரவில்லை. "நீங்க முன்னால உக்காருங்க சார். நானே ஓட்டறேன். சீட் கவர் ஹொசது, நோடி. புதுசு, பாருங்க" என்றார். வெள்ளைக் கார். ரிங் ரோட்டில் கொஞ்ச தூரம், பிறகு விஜயநகருக்குள் சுற்றிவிட்டுத் திரும்பினோம். நான் கண்ணாடியில் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். எலுமிச்சம்பழத்தை மடியில் போட்டுவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாள். "இந்த வீட்டுல எவ்வளவு பெரிய கறிவேப்பிலை மரம் பாருங்க" என்றாள். வண்டியில் போகும்போது அவள் மரத்தைப் பற்றிப் பேசி நான் கேட்டதே இல்லை.

"இதுதான்" என்றேன்.

"பக்கத்துல இதே மாடல், இதே வெள்ளை, இன்னொண்ணு இருக்கு சார். கம்மியா ஓடினது. அதே விலைதான்."

"வேண்டாம். இதுதான்."

வண்டி எடுக்கும் நாளில்தான் குழப்பம். அந்தக் கடையில் பழைய காரையும் சிவப்புத் துணி போட்டு மூடி, வாங்குகிறவர் கையால் இழுக்கச் சொல்லிப் போட்டோ எடுக்கிறார்கள். நாங்கள் போனபோது ரெண்டு கார் மூடி நின்றன. எனக்கு அவசரம், ராகு காலம் வருகிறது. வலது பக்கம் இருந்ததுதான் நம்முடையது என்று நினைத்து, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தேன். துணியைக் கொஞ்சம் தூக்கி, பானெட்டில் மாதேஸ்வரன் மலை விபூதியை மூன்று விரலால் அழுத்தி மூன்று பட்டை போட்டேன். சூடம் காட்டிக்கொண்டிருக்கும்போது பின்னால் ஒருவர் தொண்டையைச் செருமினார். ஓய்வு பெற்ற மனிதர், விஜயநகர்க்காரர், வெள்ளை வேட்டி, நெற்றியில் நாமம். பக்கத்தில் அவர் மனைவி.

"சார், நீங்கோ பூஜை பண்றது எங்க வண்டி" என்றார்.

துணியை இழுத்துப் பார்த்தோம். நான் வேண்டாம் என்ற, கம்மியாக ஓடின வண்டி. அவர் இடுப்பில் கை வைத்து மூன்று பட்டையையும் பார்த்தார்.

சாவிக்கொத்துக்காரர் துணி எடுத்துக்கொண்டு வந்தார். "ஒரு நிமிஷம், தொடச்சிடறேன்."

"மலை விபூதிங்க அது. துடைக்கலாங்களா?" என்றாள் அம்மா.

அவர் கை அப்படியே நின்றது. பெரியவரைப் பார்த்தார். பெரியவர், "நான் தொடைக்கச் சொல்லமாட்டேன். அபசாரம்" என்றார். "ஆனா இதோட போய் ஆத்து வாசல்ல நிறுத்தினா சொந்தக்காராள்லாம் என்ன ஆச்சுன்னு கேட்பா."

யாரும் துடைக்கவில்லை. நான் போட்டதை நானே எப்படித் துடைப்பது? எல்லோரும் விபூதியைச் சுற்றி நின்றுகொண்டிருந்தோம். கடைசியில் அவர் மனைவிதான், "ரெண்டும் ஒண்ணுதானே, மாத்திண்டுட்டா என்ன?" என்றார். "பேப்பர் இன்னும் ஆர்டிஓ ஆபீசுக்குப் போகலை, மாத்திடலாம்" என்று கடைக்காரருக்கு உயிர் வந்தது.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. "என் வீட்டுக்காரிக்கு வாந்தி வராத வண்டி அதுங்க. இதைப் பத்தி எனக்குத் தெரியாது."

பெரியவர் யோசித்தார். நியாயம்தான் என்பதுபோலத் தலையாட்டினார். "அப்போ இதுலயும் ஒரு சுத்துப் போய்ப் பார்த்துடுங்கோளேன்."

எலுமிச்சம்பழங்கள் நசுங்க, விபூதி வண்டியை நான் ஓட்டிக்கொண்டு போனேன். திரும்பி வரும்போது அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். நல்லவேளை, வேப்பமரத்தடியில் நிறுத்தச் சொல்லிவிட்டாள். "பாத்தீங்களா, இது ஆகாது" என்றேன். உண்மையைச் சொன்னால், ஜெயித்த மாதிரி இருந்தது. சரி, அதையும் ஒருமுறை காட்டிவிடுவோம் என்று நம் வண்டியில் அவளை ஏற்றினேன். அதே வேப்பமரம். அதே நிறுத்தம்.

இறங்கி நேராகக் கடைக்காரரிடம் போனேன். "அன்னிக்கு ஓட்டின வண்டியை மாத்திட்டீங்க."

"சாமுண்டி ஆணை சார், இதே வண்டி. நம்பர் நோடி."

"பின்ன ஏன் வருது?"

அம்மா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, அந்தப் பெரியவரின் மனைவி கொடுத்த தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, அவரோட சண்டை போடாதீங்க. வண்டி ஒண்ணும் பண்ணலீங்க. நீங்கதான்."

"நான் என்ன பண்ணினேன்?"

"நீங்க ஓட்டறதுதான். அன்னிக்கு இவரு ஓட்டினாரு, வரல."

நஞ்சன்கூடு ஃபாக்டரியில் நான் சரக்குப் பெட்டி தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு அழுத்து, சரக்குக்கு முன்னால் ஒரு நிறுத்தம். அதில் எனக்கு நல்ல பெயர். "என் கால் அளவு யாருக்கும் வராது, தெரியுமா?" என்றேன்.

"பெட்டிக்கு வாந்தி வராதுங்க" என்றாள்.

பெரியவர் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் மனைவி அடக்கவே இல்லை.

"இது உனக்கு எப்பத் தெரியும்?"

"ரெண்டாவது கடையில, அந்தச் சிவப்பு வண்டியில. நீங்க பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் குமட்டுச்சுங்க."

"சொல்றதுக்கென்ன?"

"ஆசையாக் கார் பாத்துட்டு வரீங்க. சொன்னா, அப்ப கார் எதுக்கு, பஸ்ஸே போதும்னுடுவீங்க."

சாவிக்கொத்துக்காரர் விபூதி வண்டியில் அம்மாவை ஏற்றி ஒரு சுற்றுப் போய்வந்தார். ஒன்றும் ஆகவில்லை. இப்போது மறுக்க எனக்குக் காரணமே இல்லை. நான் முதலில் எடுத்த வண்டி பெரியவருக்குப் போனது, விபூதி வண்டி நமக்கு. கிளம்பும்போது பெரியவர் ஜன்னலை இறக்கி, "ராமாபுரம் போறச்சே ஒரு டிரைவரை வெச்சுக்குங்கோ" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை.

வீடு வரும் வரை அம்மா கண்ணை மூடிக்கொண்டு வந்தாள். இறங்கியதும் மாமியின் பக்கெட்டைப் பற்றிப் பேசவில்லை. பரணிலிருந்து கல்யாணப் பட்டுச்சேலையை எடுத்து, மடிப்பைப் பிரித்துப் பார்த்து, மறுபடி அதே மடிப்பில் மடித்து வைத்தாள். "கட்டிக்கறேன். ஆனா ராமாபுரம் வரைக்கும் ஒரு பழைய சேலை. மண்டபத்துல மாத்திக்கலாம்" என்றாள். எனக்கு அது பொறுக்கவில்லை.

மறுநாள் விடிந்தும் விடியாமல், அவள் பால் வாங்கப் போயிருந்தபோது, பூஜைக்கு வாங்கியதில் மிச்சமிருந்த ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பின்சீட்டில், அவள் உட்காரும் இடத்தில் வைத்தேன். வண்டியை எடுத்தேன். நம் தெரு முனையிலேயே அது உருண்டு கீழே விழுந்தது. நிறுத்தி, இறங்கி, பின்கதவைத் திறந்து, பழத்தைச் சட்டையில் துடைத்து, மறுபடி அதே இடத்தில் வைத்தேன். கிளட்சிலிருந்து காலை மெல்ல எடுத்து, அடுத்த வேகத்தடையை நோக்கிப் போனேன்.